தூண் மடங்கிய காரணம்

கண்ணாடி தூக்குகிறவனுக்குத் தன் இரண்டு கால் போதாது. கூட்டாளியின் இரண்டையும் சேர்த்து நாலு கால் வேண்டும். அந்த நாலில் ஒன்று ஏமாற்றினாலும் போச்சு. மரப்பலகை நழுவினால் பலகைக்குக் கேடு, கண்ணாடி நழுவினால் தூக்கினவன் கழுத்துக்குக் கேடு. அதனால் அந்தத் தொழிலில் ஜோடி சேர்ப்பது பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பதைவிடக் கண்டிப்பான காரியம்.

பட்டறையில் எல்லோரும் அவரைத் தூண் என்றுதான் கூப்பிட்டார்கள். ஆள் நெட்டைதான், ஆனால் உயரத்துக்காக வைத்த பெயர் இல்லை அது. ஆளுயரக் கண்ணாடியைச் சட்டத்தில் நிறுத்திவிட்டு, மற்றவர்கள் ரப்பர் பட்டை செருகி, திருகாணி முடுக்கி, ஓரம் அடைத்து முடிக்கிறவரை அதைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நிற்பார். மூக்கில் ஈ உட்கார்ந்தால் உட்காரட்டும். தும்மல் வந்தால் விழுங்கிவிடுவார். கடைக்காரர்கள் சில பேர் வேலை கொடுக்கும்போதே, "அந்த நிக்கிற ஆளையும் அனுப்புங்க" என்று கேட்டு வாங்கினார்கள்.

அவருடைய ஜோடி, மனைவியின் தம்பி. மச்சினன் ஆள் குள்ளம், வாய் நீளம். தொழிலுக்குக் கொண்டுவந்தவரே தூண்தான். முன்னால் மச்சினன், பின்னால் தூண். கண்ணாடி எப்போதும் இருவருக்கும் இடது பக்கம், இடது கை அடியில், வலது கை மேல் விளிம்பில். மாடிப்படி ஏறினால் பாரம் முழுக்கப் பின்னால் வருகிறவன்மேல். இடது பக்கம் சாய்ந்து எடுப்பதும் இடது பக்கம் சாய்ந்து இறக்கி வைப்பதும் பல வருஷப் பழக்கம். சாப்பிடுகிற கை எது என்று யாராவது யோசித்தா சாப்பிடுகிறார்கள்?

தொழிலில் ஒரு சட்டம் உண்டு. கால் இடறினாலோ கை வழுக்கினாலோ "விடு" என்று கத்த வேண்டும். கத்தின நொடியில் இருவரும் கண்ணாடியை விட்டுவிட்டு வெளிப்பக்கம் தாவ வேண்டும். பிடித்துக் காப்பாற்றப் பார்க்கிறவன் மடையன். உடைந்த கண்ணாடியைத் திரும்ப வாங்கலாம், அறுந்த கை நரம்பை எந்தக் கடையிலும் விற்பதில்லை. இது நல்ல சட்டம். ஆனால் நல்ல சட்டத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு ஒரு கெட்ட வழக்கமும் அந்தப் பட்டறையில் ஓடிக்கொண்டிருந்தது. "விடு" என்று ஒருவன் கத்தினால், எதை மிதித்தான், எதில் வழுக்கினான் என்று எல்லோரும் சுற்றி நின்று தேடுவார்கள். தண்ணீரோ ஆணியோ கண்ணில் பட்டால் சரி. ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் ஆளுக்குப் பயம் வந்துவிட்டது என்று அர்த்தம். பயம் வந்த ஆளோடு யாரும் ஜோடி சேர மாட்டார்கள். அவன் வெட்டுமேஜைக்குப் போய் ஓரம் தேய்க்க வேண்டியதுதான். அங்கிருந்து திரும்பி வந்தவன் கிடையாது.

ஒரு அலுவலகக் கட்டடத்தின் மாடிப்படியில், கதவளவு கண்ணாடி ஒன்றை ஏற்றும்போது தூணின் இடது முட்டி மடங்கியது. வலித்தது என்றோ வழுக்கியது என்றோ சொல்ல முடியாது. முட்டி அங்கே இல்லாத மாதிரி ஆகிவிட்டது. "விடு" என்று கத்தினார். மச்சினன் ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். கண்ணாடி நடுவில் சரிந்து படி படியாகக் கொட்டி இறங்கியது. யாருக்கும் சிராய்ப்புகூட இல்லை.

மச்சினன் எழுந்து துணியைத் தட்டிக்கொண்டு, எதை மிதித்தீர்கள் என்று கேட்டான். அவர் படியைப் பார்த்தார். காய்ந்த, சுத்தமான, துடைத்துவைத்த படி. ஒன்றும் இல்லை என்றார். வாயில் வந்த ஒரு பொய்யைச் சொல்லியிருக்கலாம். தூணுக்கு அது வரவில்லை.

மேஸ்திரி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. தோளில் கை போட்டு, வயசாகுது இல்ல, பரவாயில்ல என்றார். பட்டறையில் ஒருவன் ஆறுதல் சொல்ல ஆரம்பித்துவிட்டால் எல்லாம் முடிந்தது என்று பொருள்.

இரண்டாவது தடவை மடங்கியது பட்டறை முற்றத்தில், சமதரையில். இந்தத் தடவை அவர் கத்தவில்லை. கத்தினால் கதை முடிந்துவிடும் என்று தெரியும். பல்லைக் கடித்துத் தோளைச் சுவரில் முட்டுக்கொடுத்து நின்றுவிட்டார். கண்ணாடி மச்சினன் பக்கம் ஒரு சாண் சாய்ந்து நிமிர்ந்தது.  இறக்கி வைத்ததும் மச்சினன் கையுறையைக் கழற்றினான்.

"மாமா, இப்ப என்ன நடந்துச்சு?"

"ஒண்ணும் நடக்கல."

"ஒண்ணும் நடக்காமத்தான் என் கழுத்துகிட்ட வந்துச்சா? இனிமே என்னால உங்ககூடத் தூக்க முடியாது. கோவிச்சுக்காதீங்க. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

அன்றைக்கே அவன் வேறொருவனோடு ஜோடி சேர்ந்துகொண்டான். தூண் வெட்டுமேஜைக்குப் போனார். வீட்டில் அக்காவுக்கும் தம்பிக்கும் பேச்சு நின்றது.

வலி அதற்குப் பிறகுதான் வந்தது. இடது தொடையின் முன்பக்கத்தில் தீக்குச்சி கொளுத்தி வைத்த மாதிரி ஒரு எரிச்சல். முட்டியைச் சுற்றிக்கொண்டு கீழ்க்காலின் உள்பக்கம் வழியாகக் கணுக்கால்வரை இறங்கும். முதுகில் ஒன்றும் இல்லை. இடுப்பில் லேசாக ஒரு பிடிப்பு, அவ்வளவுதான். பாரம் தூக்குகிற எவனுக்குத்தான் அது இல்லை? ஆகவே முட்டிதான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டி, முட்டியில் மாட்டும் உறை வாங்கி மாட்டினார். ஒரு முட்டி டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். வயசுக்கு நல்ல முட்டிதான் என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று ஊசி ஒன்று போட்டார். எரிச்சல் ஊசியைச் சட்டை செய்யவில்லை.

இன்னொரு டாக்டர் இடுப்பைச் சந்தேகப்பட்டார். மல்லாக்கப் படுக்கவைத்துக் காலை விறைப்பாக மேலே தூக்கினார். இடுப்பு நரம்பு அழுந்தினவன் அப்போது அலறுவான். தூண் அலறவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். நரம்பு இறங்கி வருகிற குழாய் தாராளமாக இருக்கிறது, நெருக்கடி எதுவும் இல்லை என்று எழுதி வந்தது. வழக்கமாக டிஸ்க் பிதுங்கினால் வலி பின்தொடை வழியாகப் பாதத்துக்குப் போகும், உங்களுக்கு முன்பக்கம் அல்லவா என்றார் டாக்டர். வீட்டில் ஏதாவது பிரச்சினையா, நன்றாகத் தூங்குகிறீர்களா என்று மெல்லக் கேட்டார். தூக்கத்துக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

முட்டி நல்ல முட்டி, இடுப்பு நல்ல இடுப்பு, கால் மட்டும் மடங்குகிறது. அப்படியானால் மிச்சம் இருப்பது என்ன? பட்டறை சொன்னதுதானே?

தூணுக்கே அந்தச் சந்தேகம் வந்துவிட்டது. ஊர் ஆயிரம் சொல்லட்டும் என்று இருந்துவிடலாம். உள்ளே இருக்கிறவனே சொல்ல ஆரம்பித்தால் எங்கே ஓடுவது? சாப்பாட்டு இடைவேளையில் எல்லோரும் போன பிறகு, சாய்த்து நிறுத்தியிருக்கும் பெரிய கண்ணாடிகளுக்கு முன்னால் போய் நிற்பார். நெஞ்சு படபடக்கிறதா? இல்லை. உள்ளங்கை வியர்க்கிறதா? இல்லை. விளிம்பைத் தடவிப் பார்ப்பார். பழைய சிநேகிதன் கையைத் தொட்ட மாதிரிதான் இருந்தது. ஆனாலும், பயம் என்பது ஒளிந்துகொண்டு இருக்குமோ என்னவோ. படித்தவர்கள் அப்படி ஏதோ சொல்வார்களே.

இந்தக் குழப்பத்தை உடைத்தது அவர் மனைவி. அவர் பஸ் நிலையத்தில் டிக்கெட் கவுன்டரில் வேலை பார்க்கிறவர். நாளெல்லாம் கம்பி வழியாகப் பொய் கேட்டுக் கேட்டு, எது பொருந்துகிறது எது பொருந்தவில்லை என்று சட்டென்று பிடித்துவிடுவார். ஒரு காலையில் குளியலறையில் தடால் என்று சத்தம். போய்க் கதவைத் தள்ளினால், தூண் வாளியைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார். இடது பக்கம் சாய்ந்து சோப்பை எடுக்கப் போனாராம், தொடையில் ஷாக் அடித்து முட்டி மடங்கிவிட்டதாம்.

மனைவி துண்டை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று யோசித்தார்.

"என்னங்க, கண்ணாடிக்குப் பயம்னு சொல்றாங்க. சரி. சோப்புக்கு யாராவது பயப்படுவாங்களா?"

தூண் வாளியைப் பிடித்தபடியே நிமிர்ந்து பார்த்தார்.

"சொல்லுங்க. சோப்பு உடைஞ்சு கழுத்தை அறுத்துடுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெகுநாள் கழித்து வந்த சிரிப்பு. சிரித்ததில் தொடை இன்னொரு தடவை எரிந்தது. அன்றே மனைவி கவுன்டருக்கு விடுப்புச் சொல்லிவிட்டு, ஸ்கேன் படங்களைப் பையில் போட்டுக்கொண்டு, அவரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார்.

அங்கே முதுகெலும்பு அறுவை செய்கிற டாக்டரம்மா ஒருவர். சிறிய உருவம். நாற்காலியில் உட்கார்ந்தால் கால் தரையைத் தொடாது. அவர் முதலில் படத்தைக் கேட்கவில்லை. வாசலிலிருந்து மேஜைவரை நடக்கச் சொன்னார். திரும்பிப் போகச் சொன்னார். கட்டிலில் ஏறுவதற்கு வைத்திருக்கும் படிப்பலகையைக் காட்டி, வலது காலை மட்டும் வைத்து ஏறுங்கள் என்றார். ஏறினார். இடது காலால் ஏறச் சொன்னபோது, உடம்பு பாதி எழும்பி அப்படியே இறங்கிவிட்டது.

உட்காரவைத்து ரப்பர் சுத்தியலால் முட்டிக்குக் கீழே தட்டினார். வலது கால் துள்ளியது. இடது கால், யார் வீட்டு வாசலிலோ யாரோ தட்டுகிறார்கள் என்கிற மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. திரும்பத் தட்டினார். பதில் இல்லை. பஞ்சால் கீழ்க்காலின் உள்பக்கம் தடவினார். ஒரு இடத்தில் பஞ்சு வருவதும் தெரியவில்லை, போவதும் தெரியவில்லை. மல்லாக்கப் படுக்கவைத்துக் காலைத் தூக்கினார். முன்போலவே வலி இல்லை. மனைவிக்கு முகம் வாடிவிட்டது. இங்கேயும் அதே கதைதானா என்று நினைத்திருப்பார்.

டாக்டரம்மா, குப்புறப் படுங்கள் என்றார். இடது முட்டியை மடக்கிப் பிடித்துத் தொடையை மெல்லப் பின்பக்கமாகத் தூக்கினார். அவ்வளவுதான். மூக்கில் உட்கார்ந்த ஈயைக்கூட விரட்டாத தூண் போட்ட சத்தத்தில் வெளியே வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். எழுப்பி நிற்கவைத்து இடது பக்கமாகச் சாயச் சொன்னார். பாதி சாய்வதற்குள் மறுபடியும் ஷாக். அப்புறம்தான் டாக்டரம்மா பையிலிருந்த படங்களை வாங்கினார்.

படங்களை வெளிச்சப் பெட்டியில் மாட்டி, இருவரையும் பக்கத்தில் கூப்பிட்டார். இடுப்பைக் குறுக்காக வெட்டிப் பார்த்த மாதிரி வட்ட வட்டமான படங்கள்.

"நடுவுல இருக்கிறதுதான் நரம்பு வர்ற குழாய். எல்லாருக்கும் டிஸ்க் பிதுங்கினா இந்தக் குழாய்க்குள்ளதான் பிதுங்கும். அதனால எல்லாரும் இங்கதான் பார்ப்பாங்க. இங்க உங்களுக்கு ஒண்ணுமில்ல. இப்ப ஓரத்துக்கு வாங்க. வலது பக்கம், எலும்புக்கு வெளியில, வெள்ளையா கொழுப்பு தெரியுதா? அதுக்கு நடுவுல ஒரு பொட்டு. அது நரம்பு. இடது பக்கம் அந்த வெள்ளையைக் காட்டுங்க பார்க்கலாம்."

தூண் தலையைச் சாய்த்துப் பார்த்தார். கண்ணாடியில் கீறல் தேடிப் பழகிய கண். இடது பக்கம் வெள்ளை இல்லை. அந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று, மொச்சைக்கொட்டை அளவுக்கு, வந்து உட்கார்ந்திருந்தது.

"எல்லாரும் வீட்டுக்குள்ள ஆளைத் தேடியிருக்காங்க. அவன் வாசலுக்கு வெளியில நிக்கிறான்" என்றார் டாக்டரம்மா.

பிறகு நிதானமாக விளக்கினார். முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவில் மெத்தை மாதிரி இருப்பதுதான் டிஸ்க். அதில் ஒரு துண்டு கிழிந்து வெளியே வந்திருக்கிறது. பின்னால் குழாய்க்குள் வராமல் பக்கவாட்டில் வெகுதூரம் போய்விட்டது. குழாயை விட்டு வெளியேறிப் போய்க்கொண்டிருந்த நரம்பை அங்கே மடக்கிப் பிடித்திருக்கிறது. பின்தொடைக்குப் போகிற நரம்பு அதற்கு அடுத்தது, அது தப்பித்துக்கொண்டது. மாட்டியது முன்தொடைக்கும் முட்டியை நிமிர்த்துகிற தசைக்கும் போகிற நரம்பு. அதனால்தான் முட்டி மடங்குகிறது, காலை விறைப்பாகத் தூக்கினால் வலிக்கவில்லை, பக்கவாட்டில் சாய்ந்தால் வலிக்கிறது. டிஸ்க் பிதுங்கி வருகிறவர்களில் பத்தில் ஒருவருக்கு இப்படி இருந்தாலே அதிகம். முன்னால் பார்த்த டாக்டரைக் கோபித்துக்கொள்ள வேண்டாம், தானே இந்த மாதிரி ஒன்றைத் தவறவிட்ட பிறகுதான் ஓரத்தைப் பார்க்கிற பழக்கம் வந்தது என்றார்.

தூண் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கேட்க வேண்டியது அவருக்கு ஒன்றுதான் இருந்தது.

"அப்ப இது பயம் இல்லீங்களா டாக்டர்?"

"என்ன பயம்?"

மனைவி குறுக்கே புகுந்து பட்டறைக் கதை, சோப்புக் கதை எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டரம்மா சுத்தியலைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்.

"பயந்தவங்களுக்கு முட்டி நடுங்கும். ஆனா தட்டினா துள்ளும். உங்களுது துள்ளல. அது பயத்தால வர்றது இல்ல, நரம்பு நசுங்கினாத்தான் வரும்."

முதுகில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொல்லக் கேட்டால் மனுஷன் முகம் கறுக்கும். தூண் கல்யாண மாப்பிள்ளை மாதிரி பட்டறைக்குப் போனார். மேஸ்திரியிடம் போய், எனக்கு டிஸ்க் வெளியில வந்துடுச்சு என்றார், லாட்டரி விழுந்த குரலில். வெட்டுமேஜை ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாவம், தலைக்கும் ஏறிவிட்டது என்று ஒருவன் முணுமுணுத்தான். அவர் காதில் விழுந்தது. பரவாயில்லை, இன்றைக்கு என்ன வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

சில பேருக்கு இந்தத் துண்டு மாத்திரையிலும் ஓய்விலும் தானே சுருங்கிப் போகும், நரம்பின் பக்கத்தில் ஊசி போட்டும் பார்க்கலாம் என்று டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். ஆனால் இவருக்குக் கால் பலம் குறைந்துகொண்டே போகிறது, தொடை இளைக்க ஆரம்பித்துவிட்டது. காத்திருந்தால் வலி போகலாம், பலம் திரும்பி வரும் என்று சொல்ல முடியாது. தூண் யோசிக்க ஒன்றும் இல்லை என்றார். மனைவிதான் விடாமல் கேட்டார். எங்கே வெட்டுவீர்கள், எலும்பை எடுப்பீர்களா, இரும்பு வைப்பீர்களா?

முதுகின் நடுக்கோட்டில் வெட்ட மாட்டோம் என்றார் டாக்டரம்மா. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போக வேண்டுமானால் மூட்டு எலும்பை நிறைய இடிக்க வேண்டியிருக்கும், அப்புறம் இடுப்பு ஆட்டம் கொடுக்கும். துண்டு வாசலுக்கு வெளியே இருப்பதால் நாமும் வெளிப்பக்கமாகவே போவோம். நடுக்கோட்டிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒரு சின்ன வெட்டு. அங்கே இரண்டு தசைக் கட்டுகளுக்கு நடுவே இயற்கையாகவே ஒரு சந்து உண்டு. தசையை அறுக்காமல் அந்தச் சந்தில் விரலை விட்டு விலக்கிக்கொண்டே போனால் எலும்பு தட்டுப்படும். அதற்குப் பிறகு மைக்ராஸ்கோப். இரும்பு எதுவும் வேண்டியதில்லை.

அறுவை நடந்த அன்று அவருக்குத் தெரிந்தது கூரை விளக்கும், முகமூடிக்கு மேலே டாக்டரம்மாவின் கண்ணும்தான். மிச்சத்தை மறுநாள் கேட்டுத் தெரிந்துகொண்டார். டாக்டரம்மா உயரத்துக்காக ஒரு பலகைமேல் ஏறி நின்றுதான் அறுப்பாராம். சரியான முதுகெலும்புக் கட்டைதானா என்று ஊசி வைத்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போயிருக்கிறார். ஓரத்தில் மெல்லிய சவ்வை விலக்கினதும் நரம்பு தெரிந்திருக்கிறது. சாதாரணமாக வெளுத்து நூல் மாதிரி கிடக்க வேண்டியது, சிவந்து, வீங்கி, அடியிலிருந்து முட்டுக்கொடுத்துத் தூக்கின மாதிரி வளைந்து நின்றிருக்கிறது. அந்த நரம்பை முரட்டுத்தனமாகத் தொட்டால் காலம் முழுக்க எரியும் என்பதால், அதை இழுக்காமல் அடியில் மொண்ணைக் கொக்கி விட்டுத் துழாவியிருக்கிறார். துண்டு இரண்டாக வந்திருக்கிறது. எடுத்ததும் நரம்பு தன் இடத்துக்கு இறங்கிப் படுத்துக்கொண்டதாம்.

மயக்கம் தெளிந்ததும் அவர் முதலில் தேடியது தொடை எரிச்சலை. காணவில்லை. வாடகை பாக்கி வைத்து ராவோடு ராவாகக் காலி செய்த குடித்தனக்காரன் மாதிரி போன சுவடே தெரியவில்லை. மனைவியிடம், போயிடுச்சு என்றார். எது என்றார் மனைவி. எல்லாம் என்று சொல்லிவிட்டுத் தூங்கிப்போனார்.

மறுநாளே நடக்கவைத்தார்கள். பலம் மட்டும் உடனே வரவில்லை. நரம்பு மெதுவாகத்தான் துளிர்க்கும், அவசரப்படுத்தினால் கேட்காது என்று சொல்லி அனுப்பினார்கள். வீட்டுக்கு வந்த இரண்டாம் வாரம் கீழ்க்காலின் உள்பக்கம் சுரீர் சுரீர் என்று குத்த, பழையபடி ஆகிவிட்டதோ என்று ஆடிப்போனார். மனைவி போன் போட்டார். நசுங்கின நரம்பு விழித்துக்கொள்ளும்போது அப்படித்தான் கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், மாத்திரை போட்டுக்கொண்டு பொறுங்கள் என்று பதில் வந்தது. பொறுத்தார். போய்விட்டது.

பேச்சு நின்ற பிறகு மச்சினன் அப்போதுதான் முதல் தடவையாக வீட்டுக்கு வந்தான். அக்கா சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. ஆனால் பாத்திரம் வைக்கிற சத்தத்திலேயே அவர் சொல்ல வேண்டியதெல்லாம் கேட்டது. மச்சினன் நலம் விசாரித்தான், தையலைப் பார்த்தான், தண்ணீர் குடித்தான். கடைசியில் தூணே கேட்டார், திரும்ப என்னோடு தூக்குவாயா என்று.

"மாமா, டிஸ்க்குன்னு சொன்னாங்க, நம்புறேன். பயம் இல்லைன்னாங்க, அதையும் நம்புறேன். நான் உங்களைத் தப்பாத்தான் நெனச்சுட்டேன். ஆனா மடங்கினது மடங்கினதுதானே? பயத்துல மடங்கினா என்ன, நரம்புல மடங்கினா என்ன, கண்ணாடி வந்து விழப்போறது என் மேலதான்."

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. அக்கா வாசல் நிலையில் வந்து நின்றார்.

"டேய், நீ மனுஷனா? உன்னைத் தொழிலுக்குக் கூட்டிட்டுப் போனவரு..."

"நீ சும்மா இரும்மா" என்றார் தூண். "அவன் கேக்கிறது நியாயம். ரெண்டாந்தடவை மடங்கினப்ப நான் கத்தியிருக்கணும். மானம் போயிடும்னு வாயை மூடிக்கிட்டேன். அவன் கழுத்து போயிருக்கும்."

இதைச் சொல்ல ஒரு நெஞ்சுரம் வேண்டும். தன் கழுத்தைப் பற்றிக் கேட்கிற கூட்டாளியைத் துரோகி என்று ஏசுவது எளிது. அப்படி ஏசி ஏசித்தான் எத்தனையோ பட்டறைகளில் வலியை மறைக்கிற பழக்கம் வளர்ந்து கிடக்கிறது.

அதற்குப் பிறகு மச்சினன் வாரா வாரம் வந்தான். அக்காவைப் பார்க்க வருகிறேன் என்பான். அக்காவைப் பார்த்த நேரம் கொஞ்சம்தான். வீட்டு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்து, பேப்பர் படிக்கிற சாக்கில், மாமா இடது காலை வைத்து ஏறுவதைக் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு நாள் பட்டறை டேப்பை எடுத்து வந்து இரண்டு தொடையையும் அளந்தான். கண்ணாடி அளக்கிற மாதிரியே, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"இடது இன்னும் ஒரு விரல் பாக்கி."

"வந்துடும்."

"வரட்டும். நான் எங்க போறேன்?"

ஆறின சோற்றைத் தொடாத தூண் இப்போது முட்டை, பயறு, பால் என்று எது வைத்தாலும் சாப்பிட்டார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை மனைவி கவுன்டரில் வரிசை பார்க்கிற கண்டிப்போடு செய்யவைத்தார். ஒன்றைத் தாண்டி இன்னொன்றுக்குப் போக விடமாட்டார்.

சில மாதம் கழித்து டாக்டரம்மா மறுபடி படிப்பலகையைக் காட்டினார். இடது காலால் ஏறினார், இறங்கினார், நிறுத்தச் சொல்லுகிறவரை ஏறி இறங்கினார். சுத்தியல் தட்டினால் கால் இன்னமும் பெரிதாகத் துள்ளவில்லை. அது அப்படியே இருந்தாலும் பாதகம் இல்லை, பலம் வந்துவிட்டது, வேலைக்குப் போகலாம் என்றார். காலின் உள்பக்கம் கொஞ்ச இடம் மரத்துத்தான் இருந்தது. மனைவி கிள்ளினால் தெரியாத ஒரே இடம் அதுதான் என்று தூண் சொல்ல, டாக்டரம்மா சிரித்துவிட்டார். ஒரே பக்கமாகச் சாய்ந்து தூக்காதீர்கள், தள்ளுவண்டியில் போகிற தூரத்தைக் கையில் தூக்காதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

பட்டறைக்குப் போன முதல் நாள் மேஸ்திரி அவரை வெட்டுமேஜைப் பக்கம் கைகாட்டினார். தூண் போகவில்லை. எல்லோரும் இருக்கும்போது நின்ற இடத்திலேயே சொன்னார், கூட்டத்தில் பேசிப் பழகாத குரலில்:

"விடுன்னு கத்தினவனைக் கேவலமாப் பார்த்தா, அடுத்த தடவை அவன் கத்த மாட்டான். நானே ரெண்டாந்தடவை கத்தல. எவனாவது காரணம் தெரியாம விழுந்தா, தரையில தேடாதீங்க. ஆளை டாக்டர்கிட்ட அனுப்புங்க."

யாரும் கை தட்டவில்லை. மேஸ்திரி தொண்டையைச் செருமினார். ஓரத்தில் கண்ணாடி தேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், பல வருஷமாக அங்கேயே இருக்கிறவர், தன் தோளைத் தடவிக்கொண்டே, எனக்கும் இந்தக் கை சில நேரம் மரத்துப்போகும் என்றார். அவர் அதைச் சொன்னது அன்றுதான் முதல் தடவை. அவரை அந்த வாரமே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள்.

மச்சினன் கையுறையை மாட்டிக்கொண்டு அவருக்கு ஜோடியாக வந்தான். ஒரு துணிக்கடை முகப்புக்குப் பெரிய கண்ணாடி போக வேண்டியிருந்தது. வண்டியிலிருந்து கடைவரை நடைபாதையில் கொஞ்ச தூரம். டாக்டரம்மா சொல்படி கண்ணாடியை வலது பக்கம் பிடித்தார்கள். இத்தனை வருஷம் தொழில் செய்த இருவரும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்ட குழந்தைகள் மாதிரி தடுமாறினார்கள். நாலடி போனதும் மச்சினன், கீழ வெச்சிருங்க மாமா என்றான். வைத்தார்கள். பின்னால் திரும்பி அவர் முட்டியைப் பார்த்தான். எடுத்தார்கள். இன்னும் நாலடி. வெச்சிருங்க. மறுபடி முட்டியைப் பார்த்தான். இப்படியே போனால் கடைக்காரர் கடையை மூடிவிடுவார் போலிருந்தது.

"டேய், எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு. உனக்கு என்ன?"

"எனக்குத்தான் மாமா பயம்" என்றான் மச்சினன், திரும்பாமலே.

 தூண் கண்ணாடியைத் தன் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, அவன் மூச்சு வாங்கி முடிக்கிறவரை நின்றார். அவசரப்படுத்தவில்லை. தெருவில் போனவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். கண்ணாடியில் வானமும் எதிர்க்கடையும் ஒரு சைக்கிளும் தெரிந்தன. கொஞ்ச நேரம் கழித்து மச்சினன் குனிந்து அடியில் கை கொடுத்தான். இந்தத் தடவை நிறுத்தாமல் கடைவரை போனார்கள்.

சட்டத்தில் நிறுத்தி, மற்றவர்கள் ரப்பர் பட்டை செருகி முடிக்கிறவரை தூண் பிடித்துக்கொண்டு நின்றார். இடது தொடை லேசாக இழுத்தது, வேலை செய்த தொடை இழுக்கிற இழுப்பு, வேறொன்றும் இல்லை. முடிந்ததும் இருவரும் நடைபாதை விளிம்பில் உட்கார்ந்து டீ குடித்தார்கள். மச்சினன் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டான்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வரட்டும் மாமா?"

"எப்பவும் வர்ற நேரத்துக்கு வா" என்றார் தூண்.